ஆளில்லாத குளியலறைக்குத் தண்ணீர்

1.
இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. என் தங்கச்சி போனில் அழுதாள். அவள் மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் நான் முதல் வரியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"விண்ணைக் கிழித்து நிற்கும் அந்த மாளிகையின்…"

(வேண்டாம். கிழித்துவிட்டால் யார் தைப்பது?)

"உலகப் பொருளாதாரத்தின் இருண்ட நீரோட்டங்கள்…"

(மன்னிக்கவும். கருத்தரங்குகளில் கெட்டுப்போன வாய்.)

நேராகவே சொல்கிறேன். தங்கச்சிக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை. பாதி வீடுகளுக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் கொஞ்சநேரம் ஓடவிட வேண்டும். விட்டுவிட்டால் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் பளிங்குத் தரைக்கு ஏறிவரும்.

2.
மேல்மாடி வீட்டுக்காரர் [இந்தப் பாத்திரத்தை நானே நம்பாமல் இரண்டுமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்] ஏதோ ஒரு நாட்டுச் சுகாதார மந்திரியின் மாப்பிள்ளை. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருக்க வேண்டிய பணம் இங்கே ஐந்து குளியலறைகளாக நிற்கிறது. மனிதர் ஒருநாள்கூட வந்து குளித்ததில்லை.

தங்கச்சி, புருஷன், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் ஒற்றை அறையில். அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு.

அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. (நக்கல் இல்லை.) வெளிநாட்டு ஊழல் பணத்தில் வாங்கி, ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளைப் பறிமுதல் செய்து வாடகைக்கு விடும் திட்டம். அந்தந்தக் கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு முன்னுரிமை. தங்கச்சி மனுப் போட்டாள். ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று மாமியாரோடு சண்டையும் போட்டாள்.

3.
சோதனைக்கு அதிகாரி வந்தார். மேலே ஏறவில்லை. கீழே தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"மேல ஆள் இருக்காங்களே."

"யாருமே இல்ல சார்."

"அப்ப யாரும்மா, பேயா குளிக்குது?"

"நான்தான் சார் குழாயத் திறந்துவிடறேன். என் வேலையே அதான்."

"எனக்கு மீட்டர்தான் சாட்சி. மனுசங்க பொய் சொல்லுவாங்க."

போய்விட்டார்.

"அண்ணா, என் வீட்ட நானே தண்ணியில விட்டுட்டேனே!" என்றாள் தங்கச்சி போனில். எல்லாவற்றையும் நக்கலடித்தே சாப்பிடுகிறவன் நான். இந்த வரியை மட்டும் மாற்றாமல் அப்படியே எழுதிக்கொண்டேன்.

(அதிகாரியை நான் கோமாளியாக்கவில்லை. விதியே அதுதான்: மூன்று மாதம் மீட்டர் அசையாதிருந்தால்தான் காலி வீடு. மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்கு வருவார்.)

4.
முடிவு ஒன்று: குழாயைத் திறப்பதை நிறுத்துகிறாள். நாற்றம் ஏறுகிறது. வேலை போகிறது. வேலையோடு முன்னுரிமையும்.

முடிவு இரண்டு: வழக்கம்போல் திறக்கிறாள். மாப்பிள்ளை தன் வீட்டில் சௌக்கியமாக, இல்லாமலே இருக்கிறார்.

முடிவு மூன்று: இந்தக் கதையைப் படித்து அரசு திடுக்கிட்டு எழுந்து…

(சிரிக்காதீர்கள். எழுதும்போது எனக்கும் வந்தது.)

இதோ, மறுபடி அவள்தான். அந்தக் குளியலறையிலிருந்து பேசுகிறாள்.

"அண்ணா, சீக்கிரம் சொல்லு. மேனேஜர் மேல வந்துட்டிருக்கார். திறக்கவா, வேண்டாமா?"

எனக்குத் தெரியவில்லை. போனை உங்கள் பக்கம் நீட்டிவிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் எனக்கே கேட்கிறது.