மாமாவின் கடைவாய்ப் பல்

இறுதியாண்டு பல் மருத்துவ மாணவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், பல்லைத்தான் பார்ப்பார்கள். தேர்வுக்கு முன்னால் இத்தனை ரூட் கெனால் செய்தேன், இத்தனை பல் பிடுங்கினேன் என்று காட்டியாக வேண்டும். அதனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாலே மனசுக்குள் ஒரு குதூகலம் வந்துவிடும். சின்னுவுக்கு அந்தக் குதூகலம் சொந்தத் தாய்மாமன் வழியாக வந்தது.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பகல் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்திக் கத்தி, வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட அதே சுருதியில்தான் கேட்பார். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, குரலே எழும்பாமல், சின்னுவின் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து நின்றார்.

"சூடா எதுவும் குடிக்க முடியல. சில்லுனு எதுவும் குடிக்க முடியல. படுத்தா மண்டை வரைக்கும் தெறிக்குது. என்னன்னு பாரு."

நாற்காலியில் சாய்த்து, விளக்கை இறக்கிப் பார்த்தாள். கீழ்க் கடைவாயில் ஆழமான சொத்தை. பஞ்சைக் குளிரவைத்து அந்தப் பல்லில் லேசாகத் தொட்டதும் மாமா நாற்காலியோடு எழும்பினார்.

"வலி போயிடுச்சா மாமா?"

"எங்கடி போச்சு? இன்னும் நிக்குது!"

பஞ்சை எடுத்த பிறகும் வலி நிற்கிறது என்றால் உள்ளே இருக்கும் நரம்பு தேறாத நிலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. சின்னுவுக்குச் சந்தேகமே இல்லை.

"ரூட் கெனால் பண்ணணும் மாமா. இன்னைக்கே திறந்து நரம்பை எடுத்துட்டா வலி அடங்கிடும்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நாற்காலியில் யாரோ டிரில்லைப் போட்டார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் மாமாவின் காலிரண்டும் தரையைத் தேடின.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அந்த ஆன்டிபயாடிக் கேப்சூல் இருக்குல்ல, அதை எழுதிக் குடு. போன தடவை எனக்குத் தொண்டைக்குக் குடுத்தாங்களே, அது."

"அது இதுக்கு வேலை செய்யாது மாமா. கிருமியைக் கொல்ற மருந்து அது. உங்களுக்கு இப்ப நரம்பு வீங்கியிருக்கு. சுத்தியும் கல்லு மாதிரி பல்லு, வீங்க இடமில்லாம நசுங்குது. அதான் இந்த வலி. கேப்சூல் போய் அதை என்ன பண்ணும்? வலி மாத்திரை எழுதறேன், சாப்பாட்டுக்கப்புறம் போடுங்க. ஆனா பல்லைத் திறந்தாதான் தீரும்."

"ஒரு கேப்சூல் எழுதத் தெரியலன்னா எதுக்குடி இத்தனை வருஷம் படிக்கிற?"

"எதை எழுதக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் சேர்த்துத்தான் மாமா."

மாமாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. மத்தியானம் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். போகிற வழியில் தெரிந்த மருந்துக்கடையில் அதே கேப்சூலை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் வலி போயே போய்விட்டது. அவ்வளவுதான், மாமா பழைய மாமா ஆகிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னுவின் வீட்டுக்குக் குடும்பத்தோடு சாப்பிட வந்தவர், ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பக்கத்துப் பல்லில் வைத்துக் கடித்தார்.

"பாத்துக்கோ டாக்டரம்மா! ஐஸு! ஒண்ணும் பண்ணல. உன் காலேஜ்ல போய்ச் சொல்லு, எங்க மாமா கேப்சூல்லயே சரி பண்ணிட்டாருன்னு."

அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். சின்னு மட்டும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பஞ்சு பட்டதற்கே எழும்பிய பல் இன்று ஐஸுக்குக்கூட அசையவில்லை.

"அது குணமாகல மாமா. செத்துப்போச்சு."

"சாப்பிடற நேரத்துல என்ன வார்த்தை இது?" என்றாள் அம்மா.

"நரம்பு செத்துப்போச்சும்மா. அதான் வலி தெரியல. மாமா, கேளுங்க. நாம முழுங்கற மருந்து ரத்தத்துலதான் போகும். ரத்தம் எங்க போகுதோ அங்கதான் மருந்தும் போகும். செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாது. கிருமி உள்ள ஜம்முனு உக்காந்திருக்கும், நீங்க வெளியில எவ்வளவு கேப்சூல் போட்டாலும் அதைத் தொடவே தொடாது. இப்படியே விட்டா ஒருநாள் வீங்கிடும். நாளைக்கே வாங்க."

"வலிச்சாலும் திறக்கணும், வலிக்கலன்னாலும் திறக்கணுமா? உனக்கு ஒரு கேஸ் குறையுதுன்னு நேராச் சொல்லிட்டுப் போ!"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். கேஸ் குறைவது உண்மைதான் என்பதால் சின்னுவுக்கு முகம் சூடேறியது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. கை கழுவப் போனபோது அத்தை பின்னாலேயே வந்து, "வீங்கினா எப்படி இருக்கும்? எதைப் பார்த்து நான் பயப்படணும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். சின்னு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஐஸ் கடித்த கதை பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மனப்பாடமான பிறகு, ஒரு காலையில் அத்தையே மாமாவை உட்காரவைத்துக் கார் ஓட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்துவிட்டாள். மாமாவின் தாடை ஒரு பக்கம் பலாக்கொட்டை புதைத்ததுபோல் புடைத்திருந்தது. தோல் பளபளத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. வாய் பாதிதான் திறந்தது. அவரால் பேச முடியாததால் அத்தைதான் பேசினாள்.

"நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது. நாக்கைத் தூக்கச் சொல்லிப் பாத்தேன், தூக்கறாரு. தண்ணி முழுங்கறாரு. அதான் நேரா உன்கிட்ட கூட்டிட்டு வந்தேன்."

சின்னுவும் ஒருமுறை பார்த்தாள். நாக்குக்கு அடியில் மெத்தென்று இருந்தது. முகவாய்க்குக் கீழே கல்லாக இறுகவில்லை. மூச்சில் சிரமமில்லை. இதில் ஒன்று மாறியிருந்தாலும் வீக்கம் மூச்சை அடைத்துவிடும் என்று அங்கே ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டாள், ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாள்.

அறுவைப் பிரிவுப் பேராசிரியையை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வார்கள். அளந்து பேசுகிறவர். வந்து தாடையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன செய்யப் போற?" என்றார்.

"இப்பவே கீறி சீழை வெளியில விடணும் மேடம். காய்ச்சல் இருக்கு, வாய் முழுசாத் திறக்கல, கழுத்துல நெறி கட்டியிருக்கு. அதனால ஆன்டிபயாடிக்கும் குடுக்கணும்."

"எது?"

"அமாக்சிசிலின். இதுக்கு முன்னாடி சாப்பிட்டப்ப அரிப்பு, தடிப்பு எதுவும் வரலன்னு கேட்டுட்டேன். வேற மருந்து எதுவும் எடுக்கல. சர்க்கரை பாத்தேன், இல்ல."

"மரப்பு ஊசி?"

"வீக்கத்துல போட்டாப் பிடிக்காது மேடம். சீழ் இருக்கிற இடத்துல அமிலம் ஜாஸ்தி, மருந்து நரம்புக்குள்ள ஏறாது. பின்னாடி தள்ளி, நரம்பு தாடைக்குள்ள நுழையற இடத்துல போடறேன்."

"செய். நான் பக்கத்துல நிக்கிறேன்."

மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்டது. பாதி வாயால், "அதே... கேப்சூலா?" என்றார்.

"அதேதான் மாமா."

"அன்னைக்கே... எழுதியிருந்தா..."

"அன்னைக்குத்தான் நீங்களே வாங்கி முழுங்கினீங்களே!" என்றாள் அத்தை.

"பாதியில... நிறுத்திட்டேன்."

"முழுசா சாப்பிட்டிருந்தாலும் இதே கதைதான் மாமா," என்றாள் சின்னு, கையுறையை இழுத்துவிட்டபடி. "அன்னைக்கு மருந்துக்கு உள்ள வேலையே இல்ல. இன்னைக்குக் கிருமி பல்லைத் தாண்டி தாடைக்கு வந்துடுச்சு, உடம்பு முழுக்கக் காய்ச்சல். இங்க ரத்தம் ஓடுது, மருந்து வந்து சேரும். ஆனா மருந்து துணைக்குத்தான். பாதி வேலைக்கு மேல இந்தக் கத்திதான் செய்யப் போகுது. கண்ணை மூடிக்கோங்க."

ஊசி போட்டாள். உதடு கனத்துவிட்டதா என்று கேட்டாள். கனத்துவிட்டது என்று விரலால் ஜாடை காட்டினார். ஈறு புடைத்திருந்த இடத்தில் சின்னு ஒரே கீறலாகக் கீறினாள். சீழ் பொங்கி வந்தது. நாற்றம் தாங்காமல் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமாவின் தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. ராத்திரியெல்லாம் கட்டிலில் படுத்தும் சாய்ந்தும் தவித்த உடம்பு அப்போதுதான் நாற்காலியில் சரியாகப் பதிந்து உட்கார்ந்தது.

வெளியே நடைபாதையில் அத்தை கேட்டாள், "கை நடுங்கலயா உனக்கு?"

"கீறும்போது நடுங்கல அத்தை. அன்னைக்கு சாப்பாட்டு மேசையில எல்லாரும் சிரிச்சீங்களே, அப்பத்தான் கொஞ்சம் ஆடிப்போச்சு."

அத்தை அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, மருந்தை எந்தெந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வேளை தவறக் கூடாது என்றாள் சின்னு. முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டப்பட்டால் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னாள்.

சில நாள் கழித்து மாமா மறுபடி காட்ட வந்தபோது வீக்கம் வடிந்திருந்தது. காய்ச்சலும் இல்லை. பேச்சு திரும்பியிருந்தது.

"இன்னையோட கேப்சூலை நிறுத்திடலாம் மாமா. பல்லைத் திறப்போம்."

"ஒரு அட்டை வீட்டுல இருக்கட்டுமே, அவசரத்துக்கு. போன வாரம் என் மாணவன் ஒருத்தன் சளின்னு சொன்னான், மிச்சம் இருந்ததுல நாலு குடுத்தேன். பாவம், நல்ல பையன்."

சின்னு தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, நீங்க கார் மட்டும் கத்துக்குடுங்க. சளிக்கு அது ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்ல. இப்படிக் கண்டதுக்கும் போட்டா கிருமிக்கு மருந்து பழகிப்போயிடும். அப்புறம் நிஜமாவே தேவைப்படற நாள்ல கேக்காது. உங்களுக்கு இந்தத் தடவை கேட்டுச்சே, அது நம்ம நல்ல நேரம்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் படத்தைப் பார்த்தாள். வேறு துணை கிடைக்காததால் மாமா வாயைத் திறந்தார்.

டிரில் ஓடியது. அவர் பயந்த சத்தம் அதுதான், ஆனால் வலிக்கும் நரம்பு உள்ளே இல்லையே. மெல்லிய ஊசிகளால் வேர்களைத் துழாவிச் சுத்தம் செய்து, கழுவி, மருந்து வைத்து மூடினாள். அடுத்த முறை வந்தபோது வேர்களை நிரப்பத் தொடங்கினாள். நுனி வரை அளந்து அளந்து செய்ய வேண்டிய வேலை. வாயின் மேல் விரித்த பச்சை ரப்பர் துணிக்கு நடுவே அந்த ஒற்றைப் பல் மட்டும் தலைநீட்டிக்கொண்டிருக்க, சின்னு குனிந்த தலை நிமிராமல் செய்துகொண்டிருந்தாள். எங்கிருந்தோ கர் கர் என்று ஒரு சத்தம் வந்தது. மோட்டார் ஏதாவது பழுதோ என்று நிமிர்ந்தாள்.

மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து நாற்காலி மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடமும் வந்து பார்த்தார். நிரப்பியிருந்ததை எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. எக்ஸ்ரே எடுத்துட்டு வா, உன் கேஸ் கணக்குல கையெழுத்துப் போடறேன்" என்றார்.

சின்னு தோளைத் தட்டினாள். "மாமா, எந்திரிங்க. எக்ஸ்ரே எடுக்கணும்."