ராணியின் இடதுகால்

...இழுக்காதடி, காலை இழுக்காதடி என்று எத்தனை ஊரில் திட்டியிருப்பான், பெண்டாட்டி சங்கிலியம்மாள் காதில் வாங்கினால்தானே, திரைக்குப் பின்னால் கயிறு கருத்தக்கண்ணன் கையில், சலங்கை அவள் காலில், ராணிப் பொம்மை அடியெடுத்து வைத்தால் சத்தம் அவள் காலிலிருந்து வரவேண்டும், வலதுகால் ஒழுங்காகத்தான் விழும், இடதுகால் மட்டும் எப்போதும் கொஞ்சம் பிந்தி... போன மாசியில் மலைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது, இன்று அவள் தங்கை சோணையம்மாள் சலங்கை கட்டியிருக்கிறாள், கம்பு குத்துகிற உலக்கை மாதிரி சீரான மிதி, இன்றைக்காவது ராணி நேராக நடந்துவிட்டால் திட்டினதெல்லாம் நியாயமாகிவிடும், அதுபோதும் அவனுக்கு. குச்சனூர்த் திருவிழாவுக்குக் கலெக்டர் துரை வருகிறாராம், ஒத்திகை பார்க்க ஜில்லா போர்டு மெம்பர் வைகுண்டராஜ் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், ராவ் சாகிப் பட்டம் இன்னும் வரவில்லை, அதற்கான கோட்டு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது, உள்ளே அவர் வெந்துகொண்டிருக்கிறார். ராணி தயங்கித் தயங்கி நடப்பது ராஜ நாணம், பரத சாஸ்திரத்தில் இருக்கிறது என்று போன வருசம் மேடையில் பேசினார், எந்தப் பக்கத்தில் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை, கேட்டிருந்தால் அவரும் தேடவேண்டியிருக்கும், அப்போது திரைக்குப் பின்னால் சங்கிலியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாளே, எதற்குச் சிரித்தாள்...

கயிற்றைத் தூக்கினான், வலதுகால், சலங்கை, சரி, இடதுகால்... சலங்கை ஒலித்து முடிந்த பிறகு ராணியின் கால் இறங்குகிறது, இன்னொருமுறை, அதேதான், வெளியே வைகுண்டராஜ் தொடையைத் தட்டுகிறார், அதே நாணம், கொஞ்சமும் கெடவில்லை என்கிறார்.

சோணையம்மாள் மிதிப்பதை நிறுத்தினாள். "மச்சான், என் காலு சரியாத்தேன் விழுகுது. ஒங்க இடதுகைதேன் பிந்துது."

கையா? வருசநாட்டுப் பாதையில் வண்டி கவிழ்ந்தபோது பிசகின மணிக்கட்டு, கட்டுப்போட்டு ஆறிவிட்டதே, ஆறிவிட்டது என்றுதானே சங்கிலியம்மாளும் சொன்னாள், அவள் கால் இழுக்க ஆரம்பித்தது அதற்கப்புறமா, அதற்கு முன்பா, கைக்காகத்தான் கால் காத்திருந்ததா, அந்தக் காலைப் பார்த்துப் பார்த்துக் கை கெட்டதா... மேடையில் அவன் கண் பொம்மைமேல், சரி, சாலையில் அவள் எப்படி நடந்தாள்? இழுத்தாளா? பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் அவன் முன்னாலேயேதான் போயிருக்கிறான்.