வாங்க என்று சொன்ன மணி

இனி வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டியதில்லை, குறைத்ததும் இல்லை. வேண்டுமென்றால் பினாங்குத் தண்ணீர்மலைப் படியேறி, முருகன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யலாம். முட்டிவலி ஒன்றுதான் தடை.

தங்கராஜு மாமா கேட்டுக்குள் வலது காலை வைத்து, இடது காலைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டார். அக்கா இறந்த செய்தி கேட்டு, பட்டர்வொர்த்திலிருந்து காலை பெர்ரியில் அழுதுகொண்டே வந்தவர். அழுகை பாதியில் நின்றது. கேட் தூணில் ஒட்டியிருந்த கேமரா வைத்த அழைப்பு மணி, உள்ளே கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்த அக்காவின் குரலிலேயே அவரிடம் சொன்னது:

"வாங்க. செருப்ப அங்கயே விடுங்க."

மாமா முதலில் செருப்பைக் கழற்றினார். பயம் அப்புறம்தான் வந்தது.

சாந்தினி பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்துபோன தனலெட்சுமிக்கு ஒரே மருமகள். விடிந்ததிலிருந்து அந்த மணி முப்பத்தொரு பேரை வரவேற்றுவிட்டது. சாவு வீட்டில் வந்தவரை யாரும் 'வாங்க' என்பதில்லை. போகிறவரும் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த வாசலில் வருவதும் போவதும் பேச்சில்லாமல் நடக்க வேண்டும். சொல்லிவிட்டால் சாவு அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். முப்பத்தொரு பேருக்கும் இது தெரியும். இருந்தும் முப்பத்தொரு ஜோடிச் செருப்பும் தூணோரம் வரிசை பிசகாமல் கிடந்தன.

தனலெட்சுமியின் குரலுக்கு அந்த மரியாதை எப்போதும் உண்டு. போன தீபாவளிக்கு வந்த கூரியர்காரர் மணி சொன்னதைக் கேட்டு ஷூவைக் கழற்றினார், பார்சலைக் கொடுத்தார், வெறுங்காலோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஷூவைக் கேட்டு இன்றுவரை திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டு அப்துல் காதரின் பூனை, மிதியடியில் நான்கு கால்களையும் துடைத்துவிட்டுத்தான் இந்த வீட்டு மீனைத் திருட வரும். சுங்கை பினாங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஆள் வரும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து போகிறாளே என்று மகன் தயாளன் வாங்கி மாட்டிய மணி அது. அம்மாவின் போனோடு இணைத்துக் கொடுத்தான். அவள் ஒரு சாயங்காலம் முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, "என் சத்தத்த அதுல போட்டுட்டேன்" என்றாள். எப்படிப் போட்டாள் என்று கேட்கும் தைரியம் அந்த வீட்டில் எவருக்கும் இல்லை.

அதே மாதம்தான் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றது. சாந்தினி பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில், ரிஜெக்ட் ஆன சர்க்யூட் போர்டுகளைத் திருத்தும் பிரிவில் பதினான்கு வருஷமாக இருக்கிறவள். ரைஸ் குக்கர் கெட்டுப்போனதைப் பிரித்துப் பழுது பார்த்தாள். சோறு வெந்தது. ஆனால் ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. மாமியார் அந்தத் திருகாணியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இந்தக் குக்கர் ஒருநாள் வெடிக்கும், நான் இதில் சாப்பிட மாட்டேன் என்றாள். அப்படியென்றால் நான் இனி பேசவும் மாட்டேன் என்றாள் மருமகள். இரண்டு பேருமே சொன்னதைச் செய்கிற ரகம். தனலெட்சுமிக்குத் தனியாக ஒரு பானையில் சோறு வெந்தது. உப்பு வேண்டுமென்றாலும் தயாளன் வழியாகத்தான் கேட்டார்கள்.

மிச்சம் இருந்தது மணி ஒன்றுதான். காலை ஐந்து ஐம்பதுக்கு ஃபேக்டரி பஸ்ஸுக்காகச் சாந்தினி கேட்டைத் திறக்கும்போது அது சொல்லும்: "போய்ட்டு வா." மழை நாளென்றால் கூடவே, "கொடை." ஸ்மார்ட் பெல் ஆயிற்றே. ஆள் முகம் தெரிகிறது, வானம் தெரிகிறது, மற்றவர்களுக்கெல்லாம் 'வாங்க' போட்டாலும் மருமகளுக்குப் போட வேண்டாம் என்பதும் தெரிகிறது என்று சாந்தினி நினைத்துக்கொள்வாள். மணி பேசியது கணக்கில் வராது. அதனால் அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

மாமா கூடத்துக்குள் வந்து அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாளனைக் கூப்பிட்டார்.

"அத மொதல்ல ஆஃப் பண்ணு."

"முடியல மாமா. எல்லாம் அம்மா போன்ல இருக்கு. போன் முந்தாநாளே பேட்டரி செத்துப் போச்சு. சார்ஜ் போட்டாலும் பின் நம்பர் தெரியாது."

"பெத்த புள்ளைக்குத் தெரியாதா?"

"அப்பா இருந்தப்ப அவருக்கே சொன்னதில்ல."

மாமா குரலைத் தணித்தார். "இப்ப வாங்கன்னு சொல்லுது. சரி, வந்தவன் வந்துட்டான். ரெண்டு மணிக்கு அக்காவ வெளிய எடுக்கறப்ப அது போய்ட்டு வாங்கன்னு சொல்லிச்சுன்னு வச்சுக்க. எங்கக்கா சொன்ன சொல்லு மாறாதவ. வந்துருவா லா."

"வந்தா என்ன மாமா?" என்றாள் தயாளனின் தங்கை காமினி. செபராங் ஜெயாவிலிருந்து ராத்திரியே வந்து அழுது தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு.

"வந்தா யாரு வச்சுப் பாத்துக்கறது? நீயா?"

காமினி தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டப் போனாள்.

அந்த நேரம் பார்த்து இன்னும் நான்கு பேர் கேட்டுக்குள் நுழைய, மணி நான்கு பேருக்கும் தனித்தனியாக வாங்க சொன்னது. மாமா விடுவிடுவென்று போய்க் குடைப்பிடியால் அதன் மேல் ஒரே போடு போட்டார். மணி தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மாமா குடையை ஒரு முறை உதறிக்கொண்டார்.

"பேட்டரியையும் பிடுங்கி எறிஞ்சிரணும். யாருக்குக் கழட்டத் தெரியும்?"

"நான் கழட்டறேன்" என்றாள் சாந்தினி. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"அண்ணிதான் சரி" என்றாள் காமினி. "அம்மா சத்தம் அவங்களுக்குத்தான ஆகாது."

சாந்தினி ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சடலம் போகும்வரை அடுப்பு பற்ற வைக்கக் கூடாது என்பதால் சமையலறையில் ஆளில்லை. மேசை மேல் ஒரு துண்டை விரித்து, அதில் மணியைக் குப்புறப் போட்டாள். பின்பக்கம் நான்கு சின்னத் திருகாணிகள். மூடியைத் திறந்ததும் பொடி எறும்புகள் வரிசையாக இறங்கி, அவளைச் சட்டை செய்யாமல் சுவருக்குப் போயின. உள்ளே கேமரா, போர்டு, ஐம்பது காசு அளவில் ஒரு ஸ்பீக்கர். அதற்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்று அடியில் அறுந்து தொங்கியது. மற்றதெல்லாம் நன்றாக இருந்தது.

பேட்டரியைப் பிடுங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். மாமா கேட்ட வேலை முடிந்தது.

கூடத்தில் யாரோ ஒப்பாரியை எடுத்து, அடி மறந்து, நிறுத்தினார்கள். சாந்தினி அந்த அறுந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு பக்கம் தயாளன், மறு பக்கம் காமினி. இவள் கால்மாட்டில் நின்றாள். மாமியாரின் கண் ஒருமுறை இவளிடம் வந்து நின்றது. இவள் ஏதாவது சொல்லியிருக்கலாம். தண்ணி வேணுமா என்று கேட்டிருந்தால்கூடப் போதும். மூன்று வருஷமாகத் திறக்காத வாய் அந்த நேரத்துக்கு மட்டும் எப்படித் திறக்கும்? இன்றைக்கு ரெண்டு மணிக்கு மேல் அதற்கும் இடமில்லை. தினமும் தனக்குச் சொன்ன அந்த 'போய்ட்டு வா'வை, மாமியார் போகும்போது அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். தன் வாயை நம்ப முடியாது. மணி சொல்லட்டும்.

சிங்க்குக்குக் கீழேயிருந்த டப்பாவைத் திறந்து சால்டரிங் கம்பியை எடுத்துப் பிளக்கில் செருகினாள்.

ஈயம் உருகி மெல்லிய புகை கிளம்பிய ஒரு நிமிஷத்தில் மாமா சமையலறை வாசலில் நின்றார்.

"யாரு அடுப்பு பத்த வச்சது?"

"அடுப்பு இல்ல மாமா."

"பொகை வருதே."

"சாம்பிராணி."

"சமையக்கட்டுலயா?"

"கூடத்துல கூட்டம் மாமா."

மாமா இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். அப்படி ஒரு வாசனையான சாம்பிராணியைத் தான் பிறந்ததிலிருந்து முகர்ந்ததில்லை என்றும், எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றும் பின்னால் பட்டர்வொர்த்தில் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

கம்பி பிடித்துக்கொண்டது. பேட்டரியைத் திரும்பப் போட்டு மூடினாள். இந்த முறை இரண்டு திருகாணிகள் மிஞ்சின. அவற்றைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் மணியைத் தூணில் மாட்டினாள்.

"திரும்ப ஏம்மா மாட்டற?" என்றார் மாமா.

"தூண்ல ஓட்டை அசிங்கமா தெரியுது மாமா. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் டப்பா."

அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கம்போல நடந்தது. ஐயர் அவசரப்படுத்தினார். வாய்க்கரிசி போடும்போது சாந்தினிக்குச் சொல்ல வேண்டியது ஏதோ நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் காமினி இருந்தாள். அது திரும்பிப் போய்விட்டது. ரெண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பத்து லஞ்சாங் மயானத்துக்குப் போகும் வேன் தெருவில் பின்கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆண்கள்தான் போவார்கள். பெண்களுக்குக் கேட் வரைதான்.

சாந்தினி தூணையொட்டி நின்றாள். பெட்டி நெருங்க, மணியின் நெற்றியில் சின்னதாய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. கேமரா பார்த்துவிட்டது.

பெட்டி தூணைத் தாண்டியது. மணி பேசவில்லை.

பதினான்கு வருஷத்தில் அவள் கைபட்ட போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இன்னொரு நொடி பார்த்தாள். பெட்டியின் கால்பக்கம் வேனுக்குள் ஏறியது. பாதி போயிற்று. விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. யாரோ, "பாத்து, பாத்து, தலைமாட்டத் தூக்கு" என்றார்கள்.

"போய்ட்டு வாங்க, அத்தை."

மூன்று வருஷம் உள்ளேயே இருந்த குரல், அளவு தெரியாமல் வந்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்டது. தூக்கியவர்கள் பெட்டியைப் பாதியில் பிடித்தபடி நின்றார்கள். மாமாவின் குடை கீழே விழுந்தது. அவர் மெல்லத் திரும்பிச் சாந்தினியைப் பார்த்தார், பிறகு தூணைப் பார்த்தார்.

"யாரு சொன்னது?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அப்துல் காதர் நிமிர்ந்தார். சாந்தினியின் வாயை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"பெல்லுதான் தங்கராஜண்ணே. அடிபட்டு ரோசாக் ஆன பெல்லு அப்படித்தான் கத்தும். நேரமாச்சு, ஏத்துங்க."

ஏற்றினார்கள். கதவு மூடிக்கொண்டது. வேன் திருப்பத்தில் ஒரு லாரிக்காக நின்று, பிறகு திரும்பி மறைந்தது. பெண்கள் வீடு கழுவ உள்ளே போனார்கள். குழாய் திறக்கும் சத்தமும் காமினியின் அழுகையும் சேர்ந்து கேட்டன. அப்துல் காதர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சாந்தினி மட்டும் கேட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அப்போதுதான், தோளுக்குப் பக்கத்திலிருந்து, மூன்று வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை மணி சொன்னது. சத்தமாகக்கூட இல்லை.

"வரேன்."

சாந்தினி திரும்பவில்லை. வேன் நின்று மறைந்த திருப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தூணில் விரல் படாமல் கேட்டை மெதுவாக இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டாள்.

மணி வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கிறது: இந்த மாடலில் குரலைப் பதிந்து வைக்கும் வசதி கிடையாது, யாராவது போனைக் கையில் எடுத்து, பொத்தானை அமுக்கிக்கொண்டு, அந்தந்த நேரத்தில் வாயைத் திறந்து பேசினால்தான் உண்டு.