ஐந்து பேருக்கு ஒரு சபைப் பேருந்து

என் அக்காள் மகள் கெண்ட்ராவுக்குப் பட்டமளிப்பு நடந்த வெள்ளிக்கிழமை காலையில் மச்சானுடைய வேன் வாசலிலேயே உயிரை விட்டது. சாவியைத் திருப்பினால் கிழவன் இருமுவதைப் போல ஒரு சத்தம் வந்தது. மூன்றாம் தடவை அதுவும் வரவில்லை.

"டேய் லெஸ்டர், சபை பஸ் சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்று அக்கா வெர்னா போனில் கேட்டாள். "பட்டம் வாங்குறதுக்கு இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு. உன் மச்சான் வேனை உதைச்சிக்கிட்டு நிக்கிறார்."

வாரநாட்களில் பள்ளிக்கூடப் பேருந்து, ஞாயிற்றுக்கிழமை சபைப் பேருந்து என்று இருபது வருடமாக நான் ஓட்டுவது பேருந்துதான். போதகரைக் கேட்டேன். மறுநாள் குடும்பமாக மலைக்குச் சுற்றுலா கிளம்பவிருந்ததும் அவருக்குத் தெரியும். "நம்ம கெண்ட்ராவுக்கா? தாராளமா எடுத்துட்டுப் போ. மலைக்குப் போறதுக்கும் அதையே வச்சுக்கங்க. செவ்வாய்க்கிழமை வந்தா போதும்" என்றார். வெள்ளைப் பேருந்து. இருபத்துநாலு இருக்கை. இரண்டு பக்கமும் ஓரடி உயர நீல எழுத்தில் 'பெத்தானியா மெனோனைட் சபை' என்றும், அதன் கீழே 'எல்லாரும் வரலாம்' என்றும் எழுதியிருக்கும். மெனோனைட் என்பது எங்கள் கிறிஸ்தவப் பிரிவு. அதில் ஏறியவர்கள் ஐந்து பேர். மச்சான் கேலன், அக்கா, பதின்மூன்று வயதுச் சின்னவள் பைப்பர், நான், திரும்பும்போது கெண்ட்ரா.

கல்லூரி இரண்டு மணி நேரத் தூரம். பெயரைக் கூப்பிட்டதும் கெண்ட்ரா கறுப்பு அங்கி காலில் தட்டாமல் இருக்க ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். பைப்பர் இருக்கைமேல் ஏறி நின்று விசிலடித்தாள். மச்சான் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கோதுமை வயலில் ஆலங்கட்டி விழுந்து முழு விளைச்சலும் போன வருடத்தில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கெண்ட்ரா படித்தது வேதாகமமும் ஊழியமும். ஆகஸ்டு மாதம் எங்கள் சபையிலேயே வாலிபருக்கான போதகராகச் சேர்வாள் என்பது ஊரறிந்த விஷயம். அவளுக்கென்று சபைக் கட்டடத்தில் ஓர் அறையை ஒழித்து வர்ணம்கூட அடித்துவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்டார்களா என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே கொலராடோ மலையை நோக்கிக் கிளம்பிவிட்டோம். பன்றிகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் மச்சான் நான்கு நாள் சேர்ந்தாற்போல் பண்ணையை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். அக்கா கடைசி வரிசை முழுவதையும் சாப்பாட்டுக்கென்று பிடித்துக்கொண்டாள். அடுக்கு ரொட்டி ஆறு டஜன், உப்பிட்ட பன்றித் தொடை, பாலாடைக்கட்டி, பழம் வைத்துச் சுட்ட 'பை' இரண்டு.

"யாருக்கும்மா இவ்ளோ?" என்றாள் கெண்ட்ரா.

"இருபத்துநாலு சீட்டு இருக்குல்ல. கையி தானா அந்தக் கணக்குக்குப் பிசைஞ்சிருச்சு."

வழியில் எங்கே நின்றாலும் மச்சான் இறங்கி முதலில் கண்ட ஆளிடம், "எம்பொண்ணு நேத்து காலேஜ் முடிச்சா. பைபிள் படிச்சவ" என்று சொல்லிவிட்டுத்தான் கழிவறைக்கே போனார். பெட்ரோல் பங்க்கில் காசு வாங்கிய பையன், டயருக்குக் காற்றடித்த ஆள், நாயோடு நடந்த ஓர் அம்மாள் என்று ஒருவரையும் விடவில்லை. கெண்ட்ரா இருக்கையில் குனிந்து ஒளிந்துகொள்வாள். மத்தியானம் ஓர் உணவகத்தில் நுழைந்தபோது, பரிமாறும் பெண் ஜன்னல் வழியாகப் பேருந்தைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"ஐயோ, சபைக்காரங்களா? எத்தனை பேரு? இன்னிக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

"அஞ்சே பேருதான்" என்றாள் பைப்பர். "மத்தவங்களை எல்லாம் ஆண்டவர் காலைல வந்து பரலோகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டார். நாங்கதான் மிச்சம்."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் காப்பி கொட்டியது. அக்கா பைப்பரின் தொடையில் கிள்ளினாள், ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் கிள்ளினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மலையடிவாரத்து ஏரிக்கரை முகாமில் பேருந்தை நிறுத்தினேன். சுற்றிலும் பைன் மரம். எஞ்சினை அணைப்பதற்குள் ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். முகாமைப் பார்த்துக்கொள்பவர், பெயர் வெஸ்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! மத்தியானந்தான் கேட்டேன், சாயங்காலமே அனுப்பிட்டாரே!"

விஷயம் இதுதான். முகாமில் ஞாயிறு காலைதோறும் ஆராதனை நடக்கும். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து பிரசங்கம் செய்வார். அவருடைய மனைவிக்கு அன்று பிரசவவலி எடுத்துவிட்டது. ஆள் கிடைக்காமல் வெஸ் தவித்துக்கொண்டிருந்தபோது ஓரடி எழுத்தோடு நாங்கள் வந்து நின்றோம்.

"இல்லீங்க, நாங்க குடும்பமா சும்மா..." என்று நான் ஆரம்பித்தேன்.

மச்சான் என்னைத் தாண்டிக் குதித்து இறங்கினார். "எம்பொண்ணு இருக்கா! நேத்துதான் காலேஜ் முடிச்சா. பைபிள் படிச்சவ. அவ பேசுவா!"

"அப்பா!" என்று பேருந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குள் இரண்டு பேரும் கைகுலுக்கிவிட்டார்கள்.

மற்றவர்கள் கூடாரம் அடிக்கப் போனபின் நான் பேருந்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கெண்ட்ரா நாலாவது வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, எனக்குப் பிரசங்கம் வராது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க."

"இல்ல மாமா, நெஜமாவே வராது. பிரசங்க வகுப்புல ஏழு நிமிஷம் பேசணும். நான் ஒரு நிமிஷம் பேசினேன், ஆமென்னு சொன்னேன், போய் உக்காந்துட்டேன். அதுவும் வேற ஒருத்தனோட மடியில."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு மாமா. விச்சிட்டாவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிங்க பக்கத்துல போய் உக்காரணும். அவங்க பேசுறதைக் கேக்கணும். கேட்டா ஜெபம் பண்ணணும், கேக்கலன்னா சும்மா இருக்கணும். போன வருஷம் பயிற்சிக்குப் போனப்பவே தெரிஞ்சிருச்சு, இதுதான் எனக்குன்னு. ஜூன்ல சேரணும். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அந்த ரூமுக்குப் பெயிண்ட் வேற அடிச்சிட்டாங்க."

சட்டைப்பையில் கிடந்த புளிப்பு மிட்டாயை எடுத்து நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். நான் மறுபடி கூட்டத் தொடங்கினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரைக் கொட்டகையில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மடக்கு நாற்காலி, போர்வை, கையில் காப்பிக் குவளை, காலடியில் மூன்று நாய். முதலில் எங்களைப் பாடச் சொன்னார்கள். மெனோனைட்டுகளைப் பாடச் சொன்னால் நாங்கள் இரண்டாம் தடவை சொல்ல வைப்பதில்லை. அக்கா மேல்குரல், கெண்ட்ரா அதற்குக் கீழே, நான் நடுவில், மச்சான் அடிக்குரல். பைப்பர் தனக்குப் பிடித்த இடத்தில் சேர்ந்துகொள்வாள். வாத்தியம் கிடையாது. பாடி முடித்ததும் ஏரிக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கைதட்டினார்.

பிறகு கெண்ட்ரா முன்னால் போய் நின்றாள். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள், மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாய் கொட்டாவி விட்டது. மச்சான் இருக்கை நுனிக்கு நகர்ந்து, 'பேசு, பேசு' என்று உதட்டை அசைத்தார். அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாதுங்க" என்றாள். "பாஸ் பண்ணினதே பெரிய விஷயம். ஆனா கேள்வி கேக்கத் தெரியும், கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியும். அதனால இன்னிக்கு நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. உங்களை யாரோ எவ்ளோ நேசிக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது? இல்லேன்னா, நீங்க நேசிச்சதைச் சொல்லாமலே வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் காப்பிக் குவளைக்குள் பார்த்தார்கள்.

"சரி, எங்கப்பாவே ஆரம்பிப்பார்" என்றாள். "அப்பா, வெள்ளிக்கிழமை எதுக்கு அப்படி அழுதீங்க?"

நாற்பது தலைகளும் திரும்பின. மச்சானுடைய காது இரண்டும் சிவந்தன. பன்றிச் சந்தையில் நூறு பேர் நடுவே விலை கத்துகிற மனுஷன். இப்போது தொண்டையைச் செருமினார், மறுபடி செருமினார். "எழுந்திருங்க" என்று அக்கா முழங்கையால் இடித்தாள். எழுந்தார்.

"அது வந்து..." என்றார். "நாலு வருஷத்துக்கு முந்தி இவளைக் காலேஜ்ல விட்டுட்டு வந்தேன். பாதி வழியில பாத்தா, பின்சீட்டுல இவ தலகாணி கெடக்குது. சின்னப் பிள்ளையிலேர்ந்து அது இல்லாம தூங்க மாட்டா. வண்டியத் திருப்பினேன். போய்ப் பாத்தா, புல்தரைல நாலஞ்சு பொண்ணுங்களோட உக்காந்து சிரிச்சிக்கிட்டிருக்கா. அப்படி ஒரு சிரிப்பு. நான் போய் நின்னா எழுந்து வந்துருவாளேன்னு தோணுச்சு. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"தலகாணி?" என்றாள் கெண்ட்ரா.

"நாந்தான் வச்சிருக்கேன்."

"தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே!"

"ட்ராக்டர் கொட்டகைல ஒரு கட்டில் கெடக்குல்ல. மத்தியானம் அதுல தலை வச்சுப் படுப்பேன். நாலு வருஷமா." முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை நீ மேடையேறினப்ப, இனிமே அதைத் திருப்பிக் குடுக்கணுமேன்னு நெனச்சேன். அதான்."

முதலில் சிரித்தது வெஸ். பிறகு கொட்டகை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அக்கா, "நீங்க ட்ராக்டரைப் பாக்கப் போறேன்னு சொன்னதெல்லாம் தூங்குறதுக்கா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

அதற்குப்பின் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஓக்லஹோமாவிலிருந்து வந்த ஒரு லாரிக்காரர், தன் தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேசவில்லை என்று சொல்லிவிட்டு, காரணம் மறந்துபோய்விட்டது என்றார். ஒரு கிழவி, தன் புருஷன் முதன்முதலில் சமைத்த சூப் கரண்டி நட்டமாக நிற்கிற அளவுக்குக் கெட்டி, அதையும் மிச்சமில்லாமல் குடித்தேன் என்றாள். ஒவ்வொருவர் பேசும்போதும் கெண்ட்ரா மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேறெதுவும் உலகத்தில் இல்லாததுபோல அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு வார்த்தை கேட்பாள். அந்த வார்த்தையில் அவர்கள் இன்னும் கொஞ்சம் திறந்துகொள்வார்கள். நான் மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பேசுகிறவர்களைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிய பதினொன்றரை ஆகிவிட்டது. "பதினஞ்சு வருஷமா நடத்துறேன். நாய்ங்க முழிச்சிருந்தது இன்னிக்குத்தான்" என்றார் வெஸ்.

கூட்டம் கலைந்ததும் மச்சானும் நானும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். கெண்ட்ரா வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி, ஜூன் மாதம், சபை வேலைக்கு வரப்போவதில்லை, எல்லாம். மச்சான் இரண்டு நாற்காலி மடக்கினார். மூன்றாவதை மடக்க வரவில்லை, விட்டுவிட்டார்.

"அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சது நாந்தான்" என்றார்.

"தெரியும்ப்பா."

"ரெண்டு கோட்டு."

"தெரியும்."

"உனக்குப் பிடிச்ச மஞ்சள்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மச்சான் விட்ட நாற்காலியை மறுபடி கையில் எடுத்தார்.

"அப்போ ஆஸ்பத்திரியிலயும் இப்பிடித்தான் உக்காருவியா? காலைல உக்காந்தியே, அந்த மாதிரி?"

"ஆமாப்பா."

"நீ அப்படி மூஞ்சியப் பாத்துக் கேட்டா, சாகக்கெடக்குறவன்கூட எழுந்து உக்காந்து கதை சொல்லுவான்" என்றார். "சபையில நீயே சொல்லிரு. நான் பக்கத்துல வந்து நிக்கிறேன். ஆனா என்னை எழுப்பிப் பேசச் சொல்லாத, ஆமா!"

கெண்ட்ரா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாற்காலி இருவர் காலிலும் விழுந்தது.

பேருந்தின் பக்கம் போனால் அங்கே ஒரு கூட்டம். அக்கா பின்கதவைத் திறந்து வைத்து, ரொட்டியைப் பிளந்து இறைச்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் தூண்டில் போட்டவர் காலையில் பிடித்த ஆறு மீன்களோடு வந்திருந்தார். அவற்றை மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, எல்லாருமாகத் தின்றோம். லாரிக்காரர் சற்றுத் தள்ளி நின்று போனில் யாரிடமோ, "நாந்தான்டா பேசுறேன், வச்சிராத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிவாக்கில் பெண்கள் இருவரும் ஏரியில் கால் வைத்துவிட்டுக் கூச்சலிட்டார்கள். மலையிலிருந்து உருகி வரும் பனித் தண்ணீர்.

"அம்மா, வாம்மா! ஒண்ணும் செய்யாது!" என்று பைப்பர் பற்கள் கிடுகிடுக்கப் பொய் சொன்னாள்.

அக்கா செருப்பைக் கழற்றினாள். பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். ஒரு சத்தமும் போடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பி, "கேலன், நல்லா வெதுவெதுன்னு இருக்கு, இறங்குங்க" என்றாள்.

மச்சான் நம்பி இறங்கினார்.