கண் திறந்த புலி

எனக்கு நிறைமாதம். கூடத்தில் புலி கிடந்தது.

நீலத் துணியில் மஞ்சள் புலி, கட்டில் நீளத்துக்கு. பெய்ஜிங் எங்கள் தைவான் தீவை ஜப்பானுக்குத் தாரை வார்த்துவிட்டது. தைபேயின் பெரிய மனிதர்கள் தனி நாடு என்று கிளம்பிவிட்டார்கள். நாடு என்றால் கொடி வேண்டுமே. டிராகன் சீனச் சக்கரவர்த்திக்குச் சொந்தம், தனி நாடானாலும் அதில் கை வைக்கப் பயம், அதனால் புலி. கோயில் கதவுகளில் காவல் தெய்வம் வரையும் என் புருஷன் தியாம் வசமாக மாட்டிக்கொண்டார்.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் புலியின் கண்ணில் கருமணி வைக்கக் கூடாது. கண் திறந்ததும் அது வயிற்றைத்தான் பார்க்கும். ஏற்கெனவே இரண்டைக் கருவிலேயே பறிகொடுத்தவள் நான். கண்களை மட்டும் தியாம் வெறுமையாக விட்டிருந்தார்.

ஆளுநர் மாளிகையிலிருந்து குமாஸ்தா கோ வந்தார்.

"யோவ், குருட்டுப் புலியா வரைஞ்சு வச்சிருக்க? காலைல கொடி ஏத்தணும்யா!"

"கோயில்ல வச்சு முடிச்சுத் தர்றேங்க ஐயா. வீட்ல இவ இப்படி இருக்கா..."

"ஊரெல்லாம் உளவாளிங்க. துணி இங்கருந்து நகரக் கூடாது. இப்பவே வை. இல்லேன்னா உன் தலை போயிரும்."

நான் வேறெங்கே போவது? வெளியாள் வந்து தங்கள் வீட்டில் பெற்றுவிட்டால் தங்கள் அதிர்ஷ்டம் போய்விடும் என்று யாரும் என்னை வாசல் ஏற விடமாட்டார்கள். தியாம் தூரிகையை மையில் தோய்த்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கருமணிய மேல வைங்க. கூரையப் பாக்கட்டும். என் பக்கம் திரும்பவே வேணாம்," என்றேன்.

"நாட்டக் காக்கிற புலி ஆகாசத்தையா பாக்கும்?" என்று கோ சீறினார். பிறகு தாடியைத் தடவியபடி இளித்தார். "மேலதான டிராகன் இருக்கு! சக்கரவர்த்திய மரியாதையா அண்ணாந்து பாக்குதுன்னு சொல்லிடலாம். பெரியவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

பிடித்துத்தான் போனது. பீரங்கி முழங்கக் கொடி ஏறியது. அந்தப் பார்வையில் எவ்வளவு ராஜபக்தி என்று படித்தவர்கள் உருகினார்களாம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சில நாட்களில் வடக்குக் கரையில் ஜப்பான் படை இறங்கியது. நாட்டின் தலைவர் கப்பலேறி ஓடினார். சம்பளம் கிடைக்காத எங்கள் சிப்பாய்களே கடைகளைக் கொளுத்தினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் மகள் பிறந்தாள். அவள் அழுததும் நானும் அழுதேன்.

தெருவில் ஓடிய எவனோ கத்தினான்: "கடல்ல எதிரி வர்றப்போ ஆகாசத்தப் பாத்துட்டு நின்னுச்சே அந்தப் புலி!"

தியாம் தலையைக் குனிந்துகொண்டார்.

"கத்தட்டும் விடுங்க. இவ மேல அதோட பார்வை படல, எனக்கு அது போதும்," என்றேன்.

அப்போது அதே சிப்பாய்கள் எங்கள் கதவைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். மகள் வீறிடாமலிருக்க வாயில் முலையைத் திணித்தேன். தியாம் மேசையை இழுத்துக் கதவில் முட்டுக் கொடுத்தார். ஊர்க் கோயிலுக்கெல்லாம் காவல் தெய்வம் வரைந்தவர், எங்கள் கதவில் ஒன்றும் வரைந்திருக்கவில்லை.