சுவரோரம் ஒதுங்கிய அழுக்கு

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையில், நெல் களத்தை ஒட்டி, ஜினப்பிரியாவும் அவள் கணவன் ஸ்ரேயாம்சும் அலுமினிய வார்ப்புப் பட்டறை நடத்திவந்தார்கள். காயலான் கடைச் சாமான்களை உருக்கி, நடக்க முடியாதவர்கள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளுக்கு ஹப் வார்ப்பது, அதாவது சக்கரத்தின் நடுக்குடம் செய்வது, அவர்கள் தொழில். அவள் உலோகவியல் படித்தவள். உலை அவள் பொறுப்பு. விற்பனை அவனுடையது.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூரில் வளையல் விற்கப் போன பூங்குழலியின் மூன்று சக்கர வண்டியில் அவர்கள் வார்த்த ஹப் ஒன்று உடைந்தது. ஸ்பெஷல் பஸ்கள் திரும்பும் இடத்தில் குப்புற விழுந்தாள். பின்னால் வந்த டிரைவர் சட்டென்று பிரேக் போட்டதால் மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று. மறுவாரம் அவள் அண்ணன் பார்த்திபன் உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். சத்தம் போடவில்லை. வேறு ஹப் கொடுத்தனுப்பிவிடலாம் என்றான் ஸ்ரேயாம்ஸ். ஜினப்பிரியா துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முறிவின் குறுக்கே ஒரு கரிய இழை ஓடியது. உலோகம் உருகும்போது காற்றுப் பட்டு உண்டாகிற ஏடு. வடிகட்டியையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது.

"இப்ப குடுக்கறதும் இதே மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் டைம் குடுங்க," என்றாள் பார்த்திபனிடம்.

அத்தகைய அழுக்கை மின்காந்தப் புலத்தால் ஒதுக்கலாம் என்று கல்லூரியில் படித்திருந்தாள். உருகிய உலோகம் பீங்கான் குழாய் வழியே இறங்கும்போது, குழாயைச் சுற்றிய செம்புச் சுருளில் வேகமாகத் திசை மாறும் மின்சாரத்தை விட்டால், அதன் புலம் உலோகத்தை நடுப்பக்கம் நெருக்கும். அழுக்கில் மின்சாரம் ஓடாது. அந்த நெருக்கல் அதற்குக் கிடையாது. நடுவில் இடம் பிடிக்கும் உலோகம் அதைச் சுவரோரம் தள்ளிவிடும். அங்கேயே அது ஒட்டிக்கொள்ளும்.

முதல் முயற்சி தோற்றது. அகலமான குழாயில் உலோகம் கொதிக்கிற குழம்புபோல் சுழன்று, ஒட்டிய அழுக்கையும் அலசிக்கொண்டு போனது. வார்த்த ஹப்பை அறுத்துப் பார்த்தால் முன்னைவிட மோசம். ஸ்ரேயாம்ஸ் சாப்பிடப் போய்விட்டான். அவளுக்குப் பசிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தவள், அடுத்த முறை அகலக் குழாயை எடுத்துவிட்டு, விரல் பருமன் குழாய்களைக் கற்றையாக வைத்தாள். குறுகிய இடத்தில் உலோகத்தால் சுழல முடியவில்லை.

ஆறிய குழாய்களை அறுத்தார்கள். உட்சுவரைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொருக்கு. நடுவில் வெள்ளை வெளேரென்று உலோகம். ஸ்ரேயாம்ஸ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இவ்வளவு அழுக்கும் இதுநாள்வரை ஹப்புக்குள்தானே போயிருக்கிறது!

"ஏங்க, வித்த ஹப் எல்லாத்தையும் திருப்பி வாங்கிடணும்."

"ஊரெல்லாம் தெரிஞ்சிடும், ஜினா. அப்பறம் யாரு நம்மகிட்ட வாங்குவாங்க?"

"இன்னொருத்தர் உழுந்தா அப்பவும் தெரியத்தான் போவுது."

அவன் போனை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனான். பிறகு அவர்கள் ஹப்பை வாங்கி விற்கும் திண்டிவனம் கடைக்காரரை அவனே கூப்பிட்டுப் பேசினான், அடுத்து திருவண்ணாமலை. ஒருவர் இனிமேல் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் பெரும்பாலான ஹப்புகள் திரும்பி வந்தன.

கட்டுப் பிரித்த கையோடு பூங்குழலி வந்தாள். புது ஹப்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குப் போடறதுக்கு முன்னாடி ஒண்ண ஒடச்சிக் காட்டுக்கா."

ஸ்ரேயாம்ஸ் ஒன்றை அழுத்து இயந்திரத்தில் வைத்து இறக்கினான். அது வளைந்தது, நசுங்கியது, பிளக்கவில்லை. அவள் விரலால் தடவிப் பார்த்து, இன்னொன்று என்றாள். அதுவும் பிளக்கவில்லை. அதன் பிறகே அண்ணனைச் சக்கரம் மாட்டச் சொன்னாள்.

களத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, இடப்பக்கம் இழுக்கிறது என்றாள். டயரில் காற்றுக் குறைவு. பார்த்திபன் பம்ப் அடித்தான். இருவரும் சாலையேறிப் போனார்கள். யாரிடம் போயின என்று தெரியாத சில பழைய ஹப்புகளைப் பற்றி ஸ்ரேயாம்ஸ் இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.