ஓடிப்போகிறவன்

எங்கள் பட்டறையில் புது வெளியீடு என்று பேச்சு வந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும். பழைய காலத்துப் போர்வீரர்களைக் கட்டைவிரல் உயரத்தில் உலோகத்தில் வார்த்து விற்கிறோம். வாங்கிச் சேர்ப்பவர்கள் கண்ணாடி அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த செட் எப்போது, அடுத்த செட் எப்போது என்று உயிரை வாங்குவார்கள். வந்த பிறகு, அது ஏன் இப்படி இருக்கிறது என்று மிச்ச உயிரையும் வாங்குவார்கள்.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய ஷெட். எங்களிடம் கார் இல்லை. ஜன்னலோரம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, காய்ந்தால் கல்லாகிவிடும் ஒரு பசையில் மூலப்பொம்மையைச் செதுக்குவார். எதிர்ப்பக்கம் உலையடியில் என் தம்பி அதற்கு ரப்பர் அச்சு எடுத்து, வெள்ளீயத்தை உருக்கி ஊற்றுவான். மிச்சமெல்லாம் நான். படம் எடுப்பது, அறிவிப்பு எழுதுவது, பெட்டியில் அடைப்பது, போனில் திட்டு வாங்குவது.

வீட்டுக்காரருக்கு இரண்டு குணம். ஒன்று, அவருக்கு முகத்தைக் கற்பனை பண்ண வராது. கண்ணால் பார்த்த முகம்தான் கைக்கு வரும். எங்கள் பல் டாக்டர் போன செட்டில் படை வைத்தியராக வந்தார். கையில் ரம்பம் வேறு. மனுஷர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். ஒரு பெட்டி வாங்கிக் கொண்டுபோய் நோயாளிகள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டார். தபால்காரர் ஜெனரலாகிக் குதிரை ஏறியிருக்கிறார். இரண்டாவது குணம்தான் என்னைக் கொல்வது. வேலை செய்யும்போது ஒரு சின்னக் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டே இருப்பார். பேச வேண்டுமென்றால் அதை எடுக்க வேண்டும். எடுக்கமாட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் பாதி வார்த்தையைக் காதால் கேட்டு, மீதியை நானே போட்டு நிரப்பிக் குடித்தனம் நடத்துகிறேன்.

இந்த முறை செட்டின் பெயர் 'பனியில் பின்வாங்கும் படை'. தோற்றுப்போன ஒரு படை, பனியில் கால் புதையப் புதைய வீடு திரும்புகிறது. காதில் துணி சுற்றியவன் ஒருவன், கொடியைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டவன் ஒருவன், கீழே விழுந்து கிடப்பவன் ஒருவன் என்று எல்லாம் பார்த்த உடனே புரிந்தது. துப்பாக்கியும் இல்லாமல், மூட்டையும் இல்லாமல், கால் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் எனக்குப் புரியவில்லை.

"என்னங்க, இவனுக்கு என்ன பேரு போடட்டும்?"

"ஓயி...ஆன்" என்றார். பல்லில் கத்தி.

"என்ன?"

"ஓயி ...ஆன்!"

உதடு ஒட்டாமல் பேசினால் எந்த எழுத்து எப்படி வரும்? தோற்ற படை, ஆயுதத்தை எறிந்துவிட்டு ஒருவன் ஓடுகிறான். வேறென்னவாக இருக்க முடியும்? 'ஓடிப்போகிறவன்' என்று எழுதினேன். பொம்மைகளை மேஜையில் வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்க நிறுத்திப் படம் எடுத்தேன். அறிவிப்பை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பிவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று காலை நீட்டிப் படுத்தேன்.

மறுநாள் காலை முதல் போன் பித்தான்காரருடையது. எந்தச் செட் வந்தாலும் சட்டைப் பித்தான்களை எண்ணிவிட்டுப் பட்டறைக்கே சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர். அதனால் அந்தப் பெயர். இந்த முறை பித்தான் சரியாக இருந்துவிட்டதாம். அதில் அவருக்கே ஏமாற்றம்.

"அது கெடக்கட்டும்மா. அந்த ஓடிப்போறவன், அச்சு அசல் உங்க தம்பி! உங்க வீட்டுக்காரருக்கு ரொம்பத்தான் குசும்பு" என்று சிரித்தார்.

போனை வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதே மூக்கு. அதே ஏறு நெற்றி. மூச்சு வாங்கும்போது ஒரு பக்கமாகக் கோணுகிற அதே வாய். இதைத் தம்பி பார்த்தால் என்ன ஆகும் என்று பயம் வந்துவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் தம்பி இளவயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். பயிற்சி முடிவதற்குள் முகாமை விட்டு வந்துவிட்டான். எனக்கு அப்போது குடல்வால் வெடித்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்ததே பெரிது என்று வீடு வந்த நேரம். வந்து பார்த்தால் இவனும் வீட்டில் இருக்கிறான். ஏன்டா என்று கேட்டதற்கு, "அங்க சாப்பாடு சரியில்லக்கா" என்றான். சாப்பாடு சரியில்லை என்று பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவனை உறவுக்காரர்கள் சும்மா விடுவார்களா? அன்றிலிருந்து அவனுக்கு 'மிலிட்டரி' என்று பெயர். பந்தியில் உட்கார்ந்தால், "மிலிட்டரிக்கு நல்லாப் போடுங்கப்பா, இல்லேன்னா எழுந்து ஓடிடும்" என்பார்கள். அவனும் கூடவே சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன்.

அவன் உருக்கி ஊற்றிய பொம்மைதான். ஆனால் சூட்டுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மளமளவென்று தட்டில் கொட்டுகிறவன், மிளகு அளவு முகத்தையா பார்க்கப் போகிறான்? அறிவிப்பு அவன் போனுக்கும் போயிருந்தது; படத்தில் அது பெரிதாகத் தெரிந்துவிட்டது.

அவன் வழக்கமான நேரத்துக்கு வந்தான். வந்தவன் உலையைப் பற்றவைக்கவில்லை.

"அக்கா, நான் இனிமே வரல."

"என்னடா இது, காலங்காத்தால?"

"பைப் வார்க்கிற கம்பெனியில கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. போயிடறேன். நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க."

"ஒரு பொம்மைக்குப் போய் இப்படியாடா?"

"பொம்மையா? சொந்தக்காரங்க சொன்னாங்க, சிரிச்சேன். தெருவுல சொன்னாங்க, சிரிச்சேன். மாமா ஒருத்தர்தான் இத்தனை வருஷத்துல அந்தப் பேச்சையே எடுத்ததில்ல. அதுக்காகத்தான் இந்த உலையடியில வெந்துக்கிட்டுக் கெடந்தேன். இப்பதான் தெரியுது. அவரு வாயால சொல்லல, கையால சொல்லிட்டாரு."

பக்கத்தில்தான் மாமா உட்கார்ந்திருக்கிறார். கத்தியைக் கடித்துக்கொண்டு ஒரு குதிரைவாலைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்தார். எதற்கோ தலையாட்டினார். மறுபடியும் குதிரைவால். தம்பி வெளியே போய்விட்டான்.

எனக்கு வந்ததே கோபம்.

"அந்தக் கத்தியை எடுத்துத் தூரப் போடுங்க முதல்ல! ஓடுறவனுக்கு வைக்க உங்களுக்கு வேற முகமே கெடைக்கலையா?"

கத்தியை எடுத்தார். "வேற யாரு முகத்தை வைக்கிறது? அவன்தானே ஓடினான்."

"வாய் கூசாம சொல்றீங்களே!"

"இதுல கூச என்ன இருக்கு? ஓடினவனை ஓடினான்னு சொன்னா அவனுக்குப் பெருமைதானே?"

"பெருமையா? அவன் வேலையை விட்டுட்டுப் போறான்!"

"எந்த வேலையை?" என்றார்.

இவரோடு பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம். ஒருத்தன் பேசிவிட்டுப் போய்விடுகிறான், ஒருத்தர் பேசவே மாட்டேன் என்கிறார், நடுவில் நான் கிடந்து அல்லாட வேண்டியிருக்கிறது. எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். பைப் கம்பெனிக்குப் போய்விட்டால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இந்த வீட்டுப் படியை மட்டும் மறுபடி மிதிக்க மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று உட்கார்ந்தேன். அந்த ஓடுகிறவனைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் பழைய செட்டிலிருந்து எவனையாவது நிறுத்திப் புதுப் படம் எடுத்து, முந்தைய அறிவிப்பு தவறு என்று எல்லாருக்கும் அனுப்பிவிடலாம். இந்த முறை மேஜையில் வேண்டாம், பொம்மைகளைச் செருகி நிறுத்துகிற பீடத்திலேயே வைத்து எடுக்கலாம். தம்பி இன்னும் பீடத்தை வார்க்கவில்லை. வீட்டுக்காரர் செய்த மூலம் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. பனிமேடு, வண்டித் தடம், எல்லாம் அழகாகத்தான் இருந்தது. அழகுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

எங்கள் பொம்மைகளின் காலடியில் ஒரு சின்ன முளை இருக்கும். பீடத்தில் அதற்கேற்ற குழி. முளையின் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும், குழியும் அப்படியே. ஒருமுறை பித்தான்காரர் கொடிபிடிப்பவனைத் திருப்பி ஒட்டிவிட்டு எங்கள்மேல் பழி போட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. திருப்பி வைத்தால் உள்ளே இறங்காது.

ஒவ்வொருவனாகச் செருகினேன். துணி சுற்றியவன் இறங்கினான். கொடி போர்த்தியவன் இறங்கினான். கீழே விழுந்து கிடப்பவன் வரிசைக்குப் பின்னால் தனியாக இறங்கினான். நடப்பவர்கள் எல்லாரும் இடது பக்கம் பார்த்து வரிசையாக நடந்தார்கள். ஓடுகிறவனுடைய குழி காலியாக இருந்தது. மாற்று ஆளைத் தேடுமுன், குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவனையே எடுத்துச் செருகினேன். இறங்கவில்லை. அழுத்தினேன். இறங்கவில்லை.

"முளையைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல, இதுல புது வெளியீடு ஒண்ணுதான் கொறச்சல்" என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு, எரிச்சலில் அவனை ஒரு திருகு திருகினேன். 'டக்' என்று இறங்கி உட்கார்ந்துகொண்டான்.

வலது பக்கம் பார்த்து.

படை மொத்தமும் ஒரு பக்கம் போகிறது. இவன் ஒருத்தன் மட்டும் அவர்களைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறான். அவன் ஓடுகிற வழியில், வண்டித் தடத்துக்கு அந்தப் பக்கம், கீழே விழுந்து கிடப்பவன் பனிக்கு மேலே ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கியும் மூட்டையும் ஏன் இல்லை என்று இப்போது புரிந்தது. சுமையோடு ஓடி வந்து ஆளைத் தூக்க முடியுமா?

பூதக்கண்ணாடியைக் கீழே கிடப்பவன் மேல் பிடித்தேன். மீசை இருந்தால் என்ன, என் முகம் எனக்குத் தெரியாதா?

"என்னங்க!"

நான் கத்திய கத்தலில் கத்தி தானாகக் கீழே விழுந்தது.

"இவன் ஓடிப்போறவன் இல்லையா?"

"ஓடி வர்றவன். அன்னைக்கே ரெண்டு தடவை சொன்னேனே, ஓடி வர்றான், ஓடி வர்றான்னு."

"நான் ஓடிப்போறவன்னு போட்டு ஊரெல்லாம் அனுப்பிட்டேன்!"

"ஏன் அப்படிப் போட்ட?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

ஏன் அப்படிப் போட்டேனாம். கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"கீழ கெடக்கிறது நானா?"

"ம்."

"மீசையோடயா?"

"அந்தப் படையில பொம்பளைங்க நடந்து வந்தாங்கன்னு வச்சா, பித்தான்காரர் ஆதாரம் கேப்பாரு."

"அவரு கெடக்கட்டும். நான் ஏன் அங்க கெடக்கிறேன்?"

அவர் கத்தியைத் தேடி எடுத்தார். வாயில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உருட்டினார்.

"நீ ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடந்தப்ப, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்கன்னுட்டாங்க. நான்தான் முகாமுக்குப் போன் பண்ணேன். இவன் லீவு கேட்டிருக்கான், தரல. சுவரேறிக் குதிச்சு வந்துட்டான். உன் ரூம் வாசல்ல தரையிலயே உக்காந்திருந்தான். நீ கண்ணு முழிச்சிட்டேன்னு நான் வந்து சொன்னதும்தான் எழுந்து முகம் கழுவப் போனான்."

"அப்ப சாப்பாடு சரியில்லன்னு..."

"உன்னாலதான் வேலை போச்சுன்னு உங்க அப்பா உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதாம். உனக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்."

"இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"சத்தியம் பண்ணியிருக்கேனே. இப்பவும் நானா சொல்லல. செஞ்சு வச்சேன், நீயா பாத்துக் கேட்ட."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வாயைத் திறக்காத இந்த இரண்டு ஆண்களுக்கு நடுவில், அப்பா போய்ச் சேர்ந்த பிறகும், பந்தியில் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை அதற்குப் பிறகு வந்தது. அது வந்த பிறகு நிற்கவில்லை.

மத்தியானம் தம்பி மறுபடி வந்தான். தோல் கையுறை அவனுடைய சொந்தக் காசில் வாங்கியது; அதை எடுத்துப்போக வந்தான். யாரையும் பார்க்காமல் உலையடிக்குப் போய்ச் சுருட்டிக்கொண்டிருந்தான். நான் பீடத்தைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஓடுகிறவனை இப்படியும் அப்படியும் திருப்பப் பார்த்தான், அது திரும்பவில்லை. பிறகு கண்ணாடி கீழே கிடப்பவனிடம் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"ஏன் மாமா, அக்காவுக்கு எதுக்கு மீசை?" என்றான்.

ஜன்னலோரத்திலிருந்து, "ஆஆம்" என்று ஒரு பதில் வந்தது. ஆதாரமாம். கத்தி மறுபடியும் பல்லுக்குப் போயிருந்தது. எனக்கு அதைப் பிடுங்கி உலைக்குள் போட வேண்டும்போல் இருந்தது.

"ஏன்டா" என்றேன். "சாப்பாடு சரியில்லன்னுதானேடா வந்த?"

அவன் நிமிரவில்லை. கையுறையைப் பிரித்து ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, உலையைப் பற்றவைத்தான்.

"சாப்பாடும் சரியில்லதான்க்கா" என்றான்.